விரால் மட்டும் பிழைத்த காலை

காலை 6.10. முந்தல் ஊருக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் திலாப்பியா மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.

6.40க்குள் கொலைகாரன் யாரென்றும் ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆற்றின் கீழ்ப்பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் அத்தாஉல்லா நஞ்சுத் தண்ணீரைத் திறந்துவிட்டாராம். எட்டு மணிக்குப் பண்ணை வரம்பை வெட்டிவிடுவதென்று மண்வெட்டிகளோடு கிளம்பியும் விட்டார்கள். மூன்று மாதம் வளர்த்த இறால், நாளை மறுநாள் பிடிக்க இருந்தது. அத்தாஉல்லா அழாத குறை.

7.15. விவசாயப் போதனாசிரியை பஹ்மா வந்து சேர்ந்தாள். கேள்வி கேட்காமல் அவளால் இருக்க ஏலாது.

"செத்த மீன் எது வரைக்கும் கிடக்கு?"

"என்ர தோட்டம் வரைக்கும், மிஸ்," என்றார் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மிளகாய்த் தோட்டக்காரர் சின்னத்துரை.

"அது பண்ணைக்கு மேல அரைக் கட்டை தூரமல்லோ? பண்ணைத் தண்ணி மேல ஏறுமா? வாங்க, போய்ப் பார்ப்பம்."

அத்தாஉல்லா உட்பட எல்லோரும் நடந்தார்கள். தோட்டத்தடியில் தண்ணீர் கடும் பச்சை. ஒரு விரால் மேலே வந்து, வாயைத் திறந்து மூடி, உள்ளே போனது. பஹ்மா சிரித்துவிட்டாள்.

"மீன் எப்ப செத்தது?"

"விடியப்புறம். நேற்றுப் பின்னேரம் நல்லா ஓடித் திரிஞ்சது."

"கடைசி மழை?"

"பத்து நாளைக்கு முதல்."

"மழைக்கு முதல் மிளகாய்க்கு என்ன போட்டீங்க?"

"யூரியா. வானம் கறுக்கத்தான் எறிஞ்சனான். மழையே கரைச்சுவிடும், தண்ணி இறைக்கிற வேலை மிச்சம்."

"எவ்வளவு?"

"நீங்கள் சொன்னதிலும் ரெண்டு மடங்கு," என்று முணுமுணுத்தார்.

7.40.

"நஞ்செண்டா விராலும் செத்திருக்கும்," என்றாள் பஹ்மா. "அது மேல வந்து காத்துக் குடிக்கிற மீன், தப்பிட்டுது. மத்தது மூச்சுமுட்டிச் செத்தது. மழை உங்கட யூரியாவை ஆத்துக்குக் கொண்டுவந்தது. அதைத் திண்டு பாசி கொழுத்தது. வெளிச்சம் இல்லாத நேரம் தண்ணிக்குள்ள இருக்கிற காத்தையெல்லாம் பாசியே இழுத்துக்கொள்ளும். விடியக்குள்ள மீனுக்கு ஒண்டும் மிச்சமில்ல. ஆனா ஒரு தோட்டத்தால ஒரு ஆறு பச்சையாகாது. வானம் கறுக்க யூரியா எறிஞ்ச ஆக்கள் கையைத் தூக்குங்க."

சின்னத்துரையின் கை முதலில் எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பதினொரு கைகள். கடைசியில், உயிர் திரும்பி வந்தவராய் நின்ற அத்தாஉல்லாவின் கையும் கூச்சத்தோடு எழுந்தது.

"அத்தாஉல்லா நானா, நீங்களுமா?"

"ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிற தென்னைக்கு நாலு மூடை போட்டன், மகள்."

சின்னத்துரையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரே சேர்ந்து சிரித்தது. வரம்பை வெட்டப் புறப்பட்டவர்களில் சுத்தமான கை ஒன்றுகூட மிச்சமில்லை.

"நாளண்டைக்கு எல்லாரும் வாங்க," என்றார் அத்தாஉல்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இறால் பிடிக்க ஆள் போதாது."