பின்சக்கரத்து நட்

அந்த வெள்ளிக்கிழமை பகல், சாய்ந்தமருதுக் கடற்கரை வீதிக் கராஜில் இருந்தவர்கள்:

றாஸிக். பிரேக் வேலைக்காரன். வயது முப்பத்து மூன்று.

கனகரெத்தினம். காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் டிங்கர் பாஸ், தகடு தட்டி நிமிர்த்துபவர்.

முகம்மது தம்பி ஹாஜியார். காரின் சொந்தக்காரர். தொழுகைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் வந்தார்.

ஒரு மொரிஸ் மைனர். சாம்பல் நிறம், நான்கு கதவு, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது.

இவ்வளவுதான். காருக்குள் யாரும் இல்லை. றாஸிக் அதை இரண்டு தடவை பார்த்திருந்தான்.

நட் ஈரமாக இருந்தது. அதுதான் முதலில் அவன் கண்ணில் பட்டது. காருக்குக் கீழே மல்லாந்து கிடந்தபடி, பின் அச்சில் பிரேக் பைப்புகள் வந்து சேரும் பித்தளை முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கடுகளவு ஒரு துளி. துடைத்தான். திரும்பவும் வந்தது. துரு இளக்க அடித்த எண்ணெயாக இருக்கும் என்று நினைத்தான். செவ்வாயிலிருந்து காலையும் மாலையும் அதைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறான். மோந்து பார்த்தான். எண்ணெய் வாடை இல்லை. நாக்கு நுனியில் வைத்தான்.

உப்பு.

அதற்கு வழியே இல்லை. சாரதி பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர்தான் பைப்புக்குள் ஒயிலைத் தள்ளும். அந்தச் சிலிண்டரை அவனே கழற்றி மேசை மேல் தட்டில் வைத்துவிட்டான். சாரதியின் காலடியில், அது இருந்த இடம், இப்போது ஒரு சதுர ஓட்டை. பெடல் எதிலும் மாட்டப்படாமல் சும்மா தொங்கியது. பைப் காய்ந்து இருபது வருசமாகிறது.

"என்ன றாஸிக், கழண்டுச்சா?"

அத்தர் வாசம். ஹாஜியார் குனியவில்லை. காருக்குக் கீழிருந்து பார்த்தவனுக்கு அவருடைய செருப்பும் கைத்தடியும் மட்டுமே தெரிந்தன.

"இன்னும் இல்ல ஹாஜியார். அவசரப்பட்டா நட்டுட மூல தேஞ்சி உருண்டையாப் போயிரும். பைப்பு போனாப் போகட்டும், புதுசு வளைக்கலாம். இந்தப் பித்தளை ஒடஞ்சா கொழும்பிலயும் எடுக்கேலா."

"பேத்தி கலியாணம் அடுத்த கிழமை மனே. மாப்பிள இந்தக் கார்லதான் வரணும். ஊரே பாக்கணும்."

"பாக்கும்."

கைத்தடி காரின் கதவைச் செல்லமாகத் தட்டியது. ஹாஜியாருக்கு நல்ல மனநிலை. அவர் பாட்டுக்குக் கதைத்தார்.

"ஒங்கட வாப்பா ஜவுபர் மாதிரி ஒரு றைவர் இனி இந்த ஊர்ல பொறக்க மாட்டான். கடல் வந்த அண்டைக்கு நான் சொன்னன், காரத் திருப்பி வெச்சிக்கிட்டு இரு, நான் வாறன், எறங்காத எண்டு. சொல்லிப்போட்டு நான் காணி உறுதிப்பெட்டிய எடுக்க மாடிக்குப் போனன். பாத்தா தென்னமர உசரத்துக்குத் தண்ணி. மனிசன் எறங்கல்ல பாரு! மாடியில நிண்டு நான் கண்ணால கண்டன். அவ்வளவு விசுவாசம். இப்ப எவன் அப்பிடி இரிக்கான்?"

காருக்குக் கீழே றாஸிக் ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்தான்.

"எறங்கு எண்டு நீங்க சத்தம் போடல்லியா?" என்று கேட்டான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"அந்த நேரத்தில என்னத்த மனே போடுற. எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்." செருப்புகள் திரும்பின. "சரி, பாங்கு சொல்லப் போகுது. வேலய முடி."

செருப்புகள் போய்விட்டன. அத்தர் வாசம் போகவில்லை.

இருபது வருசம். அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமை ஊரே மேற்கே ஓடியபோது, ஜவுபர் மட்டும் காரை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கரைவாகு வயலுக்குள் கார் கிடைத்தது. உள்ளே ஜவுபரின் மையத்து. கால் பிரேக் பெடலை அழுத்தியபடி இறுகியிருந்தது என்று எடுத்தவர்கள் சொன்னார்கள். அடுத்தவன் காருக்காகச் செத்த பைத்தியம் என்று ஊர் சொன்னது. "பொண்டாட்டி புள்ளய விட அந்த மனிசனுக்குக் கார் பெருசாப் போச்சி" என்று உம்மா சொன்னாள். கடைசி வரைக்கும் அவரை மன்னிக்காமலே போய்ச் சேர்ந்தாள். றாஸிக்கும் மன்னிக்கவில்லை. பதின்மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு பெருநாளும் வாப்பாவைத் திட்டிக்கொண்டுதான் விடிந்தது.

யாரைத் திட்டியிருக்க வேண்டும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் திட்டப்பட வேண்டியவனின் வாயாலேயே, புகழ்ச்சியாக.

பாங்கு சொல்லிவிட்டார்கள். கனகரெத்தினம் கையைக் கழுவிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, பள்ளிக்குப் போகல்லியா?"

"இல்ல."

"என்ன, கோவமா?"

"அந்தாள் முன் சப்புல, மொத வரிசையில நிப்பான். அவனுக்குப் பின்னால நிண்டு என்னால தொழ ஏலா. அண்ணன், கதவ வெளியால பூட்டிப்போட்டுப் போங்க. ஜும்ஆ நேரம் கராஜ் தொறந்து கிடந்தா ஆக்கள் கதைப்பாங்க."

"நல்லாரிக்கே! முஸ்லிம் பொடியன அடச்சி வெச்சி ஜும்ஆ நேரம் வேல வாங்கினான் கனகரெத்தினம் எண்டு என்னையல்லோ பிடிப்பாங்க."

"சாவிய வெளியால ஆணியில கொழுவிட்டுப் போங்க."

"பேய்க்கோவம்தான் உனக்கு. சோறு தின்னுட்டு வாறன்." தகரக் கதவு இழுபட்டது. கொண்டி விழுந்தது. ஆமைப்பூட்டு சொடுக்கியது. சைக்கிள் சத்தம் தேய்ந்து போனது.

வெள்ளிக்கிழமைப் பகல் பன்னிரண்டரைக்கு அந்த ஊர் மாதிரி வெறிச்சோடும் ஊர் வேறில்லை. கடைகள் இழுத்து மூடிக் கிடக்க, வீதியில் நாய் மட்டும் நடக்க, ஒலிபெருக்கியில் பொறுமையைப் பற்றி யாரோ குத்பா ஓதிக்கொண்டிருக்க, தகரக் கூரை வெயிலில் முறுக்கேறி டக் டக் என்று சத்தம் போட, ஆணி ஓட்டைகளால் இறங்கிய வெளிச்சம் காரின் சாம்பல் முதுகில் வெள்ளைப் புள்ளிகளாக ஊர்ந்தது. கிறீஸ், பழைய ரப்பர், துரு. அவற்றுக்குக் கீழே இன்னொரு வாடை. வலையைக் காயப்போடாமல் மூட்டை கட்டி வைத்தால் வருமே, அது.

இறுகிய நட்டை இளக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மயிரிழை அளவு இறுக்க வேண்டும். துரு உடையும். பிறகு மயிரிழை இளக்க வேண்டும். திரும்ப இறுக்கி, திரும்ப இளக்கி, நடுவில் தீ காட்டி, ஆறவிட்டு. றாஸிக்குக்கு அந்த முறை கைவந்தது. அதனால்தான் அக்கரைப்பற்றிலிருந்தும் பழைய கார்களைக் கட்டி இழுத்துக்கொண்டு அவனிடம் வந்தார்கள். இன்றைக்குக் கையில் முறை இல்லை. ஸ்பேனரை மாட்டி, காலை ஸ்டாண்டில் முட்டுக்கொடுத்து, இருபது வருசத்தையும் சேர்த்து இழுத்தான்.

நட் தேயவில்லை. உடையவில்லை. நேற்றுப் பூட்டியது போல இலேசாகச் சுற்றியது.

தண்ணீர் வந்தது. பொட்டுப் பொட்டாக, குளிர்ந்து. உச்சி வெயிலில் பொரிந்துகொண்டிருந்த தகரக் கொட்டிலுக்குள் அந்தக் குளிர் அவனுடைய மணிக்கட்டில் விழுந்தது. அதோடு கொஞ்சம் மணல்.

மிச்சமாக நின்ற தண்ணீர், என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அப்போதுதான் அவன் பிழை விட்டான்.

பிரேக் பைப்பில் தேங்கிய காற்றை, எயாரை, எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கீழே கிடந்து நட்டைத் திறப்பான்; ஒருவன் சீட்டில் இருந்து பெடலை மிதிப்பான். கீழே கிடப்பவன் மூன்று சொல் சொல்வான். அமத்து. புடி. விடு. பதினைந்து வருசமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிப் பழகிய வாய். நட் திறந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அமத்து."

தலைக்கு மேலே சீட்டின் கம்பிச்சுருள் முனகியது.

பெடல் இறங்கியது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

பைப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது. கண், மூக்கு, வாய். உப்பு.

அசையாமல் கிடந்தான். குத்பா முடிந்துவிட்டது. எல்லோரும் எழுந்து வரிசை கட்டும் சரசரப்பு ஒலிபெருக்கியில் கேட்டது, பிறகு ஓதல், பிறகு ஸுஜூதின் மௌனம். ஊர் முழுவதும் நெற்றியை நிலத்தில் வைத்திருந்தது. அந்த மௌனத்தில் தண்ணீர் மட்டும் ஓடியது.

தேங்கிய காற்று தள்ளியிருக்கும். வெயிலுக்கு இரும்பு விரிந்திருக்கும். சீட் கம்பி துருவில் அறுந்திருக்கும். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். தண்ணீர் நிற்கவில்லை. முதுகுக்குக் கீழே சீமெந்து நனைந்து, சாரன் நனைந்து, காது வரை ஏறியிருந்தது.

"விடு," என்றான். மெதுவாக.

பெடல் விடவில்லை.

"விடு!"

விடவில்லை.

சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை உருவி கனகரெத்தினத்துக்கு எடுத்தான். மணி அடித்தது. அவருடைய தொலைபேசி மேசை மேல் அடித்தது, மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில், சார்ஜரில் கொழுவியபடி. கத்தினால் வெளியே கேட்க யாருமில்லை. எல்லோரும் தொழுகையில். பூட்டச் சொன்னதும் அவன்தான்.

முதுகை அசைத்து முன்பக்கம் நகர்ந்தான். சிலிண்டரைக் கழற்றிய ஓட்டை அங்கே இருந்தது. அதற்குள்ளால் பார்த்தால் பெடல் தெரியும்.

பார்க்கக் கூடாது.

பார்த்தான்.

ஒரு கால். வெறுங்கால். தண்ணீரில் ஊறி வெளுத்து, தோல் சுருங்கிய கால். பெடலின் மேல் அழுத்தி வைத்திருந்தது. பெருவிரல் நகம் நடுவால் பிளந்திருந்தது. கார் தூக்கும் ஜக்கு விழுந்து பிளந்த நகம். சின்ன வயதில் அந்தப் பிளவைத் தடவிக்கொண்டுதான் றாஸிக் தூங்குவான்.

"வாப்பா."

மேலே துணி அசைந்தது. யாரோ முன்னால் குனிவது போல. ஓட்டையில் வந்துகொண்டிருந்த வெளிச்சம் குறைந்தது. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு கதைப்பது போன்ற ஒரு குரல். கோபமில்லாத குரல். வேலை நேரத்துக் குரல்.

"முதலாளி வந்துட்டாரா மனே?"

றாஸிக் எப்படி வெளியே உருண்டான் என்று அவனுக்குத் தெரியாது. எழுந்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு மேலே நின்றது. கதவுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி இருந்தும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. காரின் கண்ணாடிகள் உள்ளிருந்து வியர்த்திருந்தன. முன்சீட்டில் ஒரு தலையின் நிழல். நேராக, வீதியைப் பார்த்தபடி. பொறுத்திருக்கும் தலை.

பின்கதவு திறந்து கிடந்தது. அவன் திறக்கவில்லை. முதலாளி வந்து ஏறுவதற்கு றைவர் திறந்து வைப்பாரே, அப்படி.

தகரக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான்.  ஆனால் பயத்துக்குக் கீழே செவ்வாயிலிருந்து எண்ணெயில் ஊறிய நட் போல ஊறிக்கிடந்த அந்தக் கோபம், இப்போது இளகி ஹாஜியார் பக்கம் திரும்பியது. அந்த மனிதர் இருபது வருசமாக இறங்கவில்லை. இறங்கு என்று யாரும் சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிள்கள் உறுமின. தொழுகை விட்டுவிட்டது. செருப்புச் சத்தம். கைத்தடிச் சத்தம். அத்தர்.

"றாஸிக்! உள்ளயா இரிக்காய்? ஜும்ஆவுக்கும் வராம? வெக்கமில்லையாடா!"

"சாவி ஆணியில கிடக்கு ஹாஜியார்." தன் குரல் அவ்வளவு அமைதியாக வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. "தொறங்க. நட் கழண்டுட்டு."

"ஆ! அல்ஹம்துலில்லாஹ்."

பூட்டு சொடுக்கியது. கதவு திறந்தது. ஹாஜியார் காலை உள்ளே வைத்ததும் சாரனைத் தூக்கினார்.

"என்ன தண்ணி இது? பைப்ப ஒடச்சிட்டியா?"

"கார்தான் ஹாஜியார். போய்ப் பாருங்க."

பின்கதவு திறந்திருப்பதைக் கண்டு கிழவர் சிரித்தார். தடியை ஊன்றி, தண்ணீரை அளைந்து அதை நோக்கி நடந்தார். றாஸிக் அவருக்குப் பின்னால் வெளியே இறங்கினான். வெயில். வெள்ளை வீதி. காய்ந்த மணல். கதவை இழுத்து மூடிக் கொண்டியைப் போட்டான்; ஹாஜியார் தொங்கவிட்டிருந்த ஆமைப்பூட்டைக் கையில் எடுத்தான்.

தடி விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், ஹாஜியாருடையதல்ல. பிறகு ஓட்டம்.

தகரத்தில் கை அடித்தது. இடுப்பு உயரத்தில்.

"றாஸிக்! டேய்! தொறடா!"

தோள் உயரத்தில். தகரப் பொருத்துகளால் தண்ணீர் கசியத் தொடங்கியது, முதலில் முழங்கால் மட்டத்தில், பிறகு நெஞ்சு மட்டத்தில்.

"மனே! மனே, ஒண்ட வாப்பாக்கு நான்..."

தலை உயரத்தில். பிறகு றாஸிக்கின் தலைக்கும் மேலே, இரண்டு முழம் மேலே, எந்த மனிதனின் கையும் எட்டாத இடத்தில், கூரையோடு ஒட்டி, உள்ளங்கைகள் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தன.

ஆமைப்பூட்டு அவனுடைய கையில் இன்னும் திறந்துதான் இருந்தது. வெயிலுக்குச் சுட்டது. கொண்டியை ஒரு விரலால் தூக்கினால் போதும். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீதியில் இரண்டு பேர் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி கதைத்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு ஸலாம் சொன்னார்கள். பதில் ஸலாம் சொன்னான்.

பிறகு தகரத்தில் வாயை வைத்தான்.

"ஓம் வாப்பா. வந்துட்டாரு. இனி விடுங்க."

உள்ளே பெடல் மேலே எழும் சத்தம் கேட்டது.

பூட்டைக் கொண்டியில் கொழுவி, அழுத்தி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.