மூன்று டயரிலும் இருபத்துநாலு

காலை ஆறரை. நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் வெள்ளைக் கார் ஒன்று தலைகுப்புறக் கிடந்தது. ஓட்டி வந்த மருந்து விற்பனைப் பிரதிநிதி உள்ளேயே இறந்திருந்தார். பின் சீட்டில் கூரைவரை அடுக்கியிருந்த மருந்துப் பெட்டிகளில் பாதி புல்லில் சிதறியிருந்தன. இடது பின் டயர் நார் நாராகக் கிழிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து கிழிசலுக்குள் கையை விட்டார். விரல்களில் கறுப்புத் தூள் அப்பிக்கொண்டது. காற்றுக் குறைந்த டயர், பாரத்தையும் சுமந்துகொண்டு மடங்கி மடங்கி ஓடினால்தான் உள்ரப்பர் இப்படித் தேய்ந்து தூளாகும்.

"மத்த மூணையும் அளந்து பாருங்க" என்றார்.

ஏட்டு அளந்தார். "இருபத்துநாலு மேடம். இதுவும் இருபத்துநாலு. அட, இதுவும் அதேதான். முப்பத்தஞ்சு இருக்க வேண்டிய வண்டி. எவனோ வேணும்னே காத்தை இறக்கியிருக்கான்."

எவனோ என்று ஏட்டு சொன்ன ஆளைத் தேட அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. இறந்தவரின் மனைவியே கைகாட்டினாள்.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. அதைக் கழற்றி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அவருக்கு வேண்டாதவங்க யாரும் உண்டா?"

"மாடியில இருக்கானே, கூடப் பிறந்த தம்பி. மாடிப்படி யாருக்குன்னு சண்டை. ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. நேத்து சாயங்காலம் டயர் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருந்தான். எதிர்வீட்டுக்காரங்க பாத்திருக்காங்க."

"அவர்தான் இறக்கினார்னு எப்படிச் சொல்றீங்க?"

"அதுக்கு முன்னாடி நானே காத்து அடிச்சேன். கால் உடைஞ்சு இவர் நாலு மாசம் படுத்திருந்தார். வண்டி நின்ன இடத்துலயே நின்னு டயரெல்லாம் தொஞ்சு போச்சு. நாளைக்கு முதல் நாளா வேலைக்குப் போறாரேன்னு காத்தடிக்கிற மிஷின் வாங்கியாந்தேன்."

"எந்த மாதிரி மிஷின்?"

"கடையில ரெண்டு காட்டினாங்க. ஒண்ணு காலால மிதிக்கிறது, வட்ட மீட்டர், உள்ளே ரெண்டு வரிசை நம்பர். இன்னொண்ணு பட்டன் வச்சது. போட்ட அளவு வந்ததும் தானா நின்னுடும்னாங்க. இவர் மறதிக்காரர், அதனால பட்டன் வச்சதையே எடுத்தேன்."

"எவ்வளவு வச்சீங்க?"

"கார் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாத்துத்தான் வச்சேன். என் தொழிலே அளவுதான் மேடம். எனக்கு அதுல தப்பு வராது."

மதியத்துக்குள் கொழுந்தன் ஸ்டேஷன் லாக்கப்பில் இருந்தான். கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான். "நான் தொடல மேடம்."

"அப்ப எதுக்கு அங்க உக்காந்தே?"

அவன் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பவனை ஸ்டேஷனில் யார் நம்புவார்கள்? எழுத வேண்டியதை எழுதிவிடலாம் என்றார் ஏட்டு. கொலை வழக்கு, ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் அந்த மூன்று இருபத்துநாலு தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மாலையில் மனைவியை வரச்சொன்னார். ஸ்டேஷன் வளாகத்தில் நசுங்கிய கார் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கொழுந்தனும் அங்கே நிறுத்தப்பட்டிருந்தான். டிக்கியிலிருந்து எடுத்த மிஷினை இன்ஸ்பெக்டர் நீட்டினார்.

"நேத்து எப்படி வச்சீங்களோ, அதே மாதிரி வச்சுக் காட்டுங்க."

அவள் கதவைத் திறந்தாள். ஸ்டிக்கரில் விரல் வைத்தாள். "ரெண்டு புள்ளி நாலு. இந்த மிஷின் மூணுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது, புள்ளியும் இல்ல. அதான் இருபத்துநாலுன்னு வச்சேன்."

சொல்லி முடித்துவிட்டு, சரிதானே என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதற்கு மேல் என்ன சொல்வது? சொல்லாமல் விட்டால் ஒருவன் உள்ளே போவான். சொன்னால் இவள் உடைந்துபோவாள். மூன்றாவது வழி இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை.

"வால்வை அமுக்கிக் கையால காத்தை இறக்கினா, ஒரு டயர்ல இருபது வரும், இன்னொண்ணுல முப்பது வரும்" என்றார் மெதுவாக. "மூணுலயும் ஒரே நம்பர் வரணும்னா, தானா நிக்கிற மிஷின்தான் அடிச்சிருக்கணும். உங்க டேப்பைக் கொடுங்க."

அவள் கழுத்திலிருந்து உருவிக் கொடுத்தாள்.

"இந்தப் பக்கம் இஞ்ச். திருப்பினா சென்டிமீட்டர். சென்டிமீட்டர்ல எழுதின அளவை இஞ்ச் பக்கம் வச்சு வெட்டுவீங்களா?"

"யாராவது வெட்டுவாங்களா மேடம்?"

"ஸ்டிக்கர்ல ரெண்டு புள்ளி நாலுக்குப் பக்கத்துல 'பார்'னு போட்டிருக்கு. மிஷின்ல பாருங்க, நம்பருக்குக் கீழ பொடி எழுத்துல பி.எஸ்.ஐ. அது வேற அளவு, இது வேற அளவு. ரெண்டு புள்ளி நாலு பார்னா, இதுல முப்பத்தஞ்சு வைக்கணும். அந்த மிதி பம்ப் மீட்டர்ல ரெண்டு வரிசை நம்பர் இருந்தது இதுக்குத்தான்."

அவள் டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மிஷினைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. அதைப் பார்க்க இன்ஸ்பெக்டருக்குப் பயமாக இருந்தது.

"அப்ப யாரும் இறக்கல" என்றாள்.

"யாரும் இறக்கலம்மா."

கொழுந்தன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "டயர் அமுங்கின மாதிரி தெரிஞ்சுது அண்ணி. உக்காந்து அமுக்கிப் பார்த்தேன். காத்து கம்மின்னு அண்ணன்கிட்ட சொல்லலாம்னு கதவு வரைக்கும் வந்தேன். பேச்சுவார்த்தை இல்லையேன்னு மாடிக்குப் போயிட்டேன்."  தரையில் உட்கார்ந்து விம்மினான்.

ஏட்டு வழக்கு எழுத வைத்திருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

"யார் மேல மேடம் எழுதுவீங்க?" என்று அவள் கேட்டாள்.

 இன்ஸ்பெக்டருக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்த அளவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய தோளைத் தொடக்கூட அவர் கை எழவில்லை.

அவள் காரின் முன் டயரருகே உட்கார்ந்தாள். வால்வு மூடியைக் கழற்றி மிஷினின் குழாயை மாட்டினாள். பட்டனை ஒவ்வொரு எண்ணாக அழுத்தி முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தாள். எழுத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள், பி, எஸ், ஐ. மிஷின் இரையத் தொடங்கியது.

இனி எங்கும் போகாத வண்டி அது. இரண்டு முன் டயர்களை முடித்துவிட்டு வலது பின் டயருக்கு நகர்ந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.