உள்ளே போன மூச்சு

சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓரெழுத்துகூடப் பொய்யில்லை. ஒன்று போதாதென்றால் இன்னொரு சூடமும் அணைக்கிறேன்.

இராஜபாளையத்து பேண்டேஜ் மில்லில் பகல் ஷிப்ட் முடித்துப் பரிபூரணம் வீடு திரும்பியபோது உள்ளே ஃபேன் ஓடவில்லை. கட்டிலில் புருஷன் சங்கிலிப்பாண்டி மல்லாந்து கிடந்தான். தாடையைச் சுற்றி வெள்ளை பேண்டேஜ் துணி. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து இன்னொரு கட்டு. அதே மில்லில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அய்யம்மாள், உடம்பு விறைப்பதற்குள் எல்லாவற்றையும் முறையாகக் கட்டி முடித்திருந்தாள்.

நெஞ்சைத் தொட்டால் சூடு இருந்தது. மூச்சு இல்லை. பரிபூரணம் தாடைக்கட்டைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பொணத்துக்குக் கட்டினதை அவுக்கக் கூடாது ஏட்டி. மில்லுல முதலுதவி வகுப்புல பொம்மைக்கு ஊதினவ இதுக்கும் ஊதப் போறியாக்கும்?" என்றாள் அய்யம்மாள். ஆட்களுக்குச் சொல்லக் கிளம்பிப் போனாள்.

பரிபூரணத்துக்கு இவனை விட்டால் வேறு நாதியில்லை. தரையில் இழுத்துக் கிடத்தி, 108-க்கு அடித்து ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறது, அதுவரை நெஞ்சை அழுத்துவதையும் வாயில் ஊதுவதையும் நிறுத்தக் கூடாது என்றது ஆம்புலன்ஸ்காரர் குரல்.

அவள் சேலையிலிருந்து உதிர்ந்த பஞ்சுத் தூசி சாயங்கால வெயிலில் மிதக்க, அவன் சட்டையின் வியர்வை வாடை மூக்கில் ஏற, ஒவ்வொரு அழுத்துக்கும் அவன் தலை தரையில் மெல்லத் தட்டித் தட்டி ஓசை எழுப்ப, சுவரில் அவள் நிழல் குனிந்து நிமிர்ந்து குனிந்தது. மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு உயர்ந்தது.

இறங்கவில்லை.

மில்லில் பழகிய ரப்பர் பொம்மையின் நெஞ்சு இறங்கும். மறுபடி ஊதினாள். இன்னும் உயர்ந்தது.

"காத்து உள்ள போகுதாம்மா?"

"போகுதுண்ணே. வெளிய வரமாட்டேங்குது."

குரல் தாழ்ந்தது.

"அவரை விட்டுத் தள்ளி வாங்கம்மா."

லைன் அறுந்தது.

இன்னும் ஒரே ஒரு தடவை. பிழைத்துவிடுவான். குனிந்தாள். இந்தத் தடவை ஊதவே வேண்டியிருக்கவில்லை. மூச்சு தானாகப் போனது. உதட்டைப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. மூக்கால் இழுத்தாள். காற்று இல்லை. அவன் கை எழுந்து அவள் பிடரியில் அமர்ந்தது. மெதுவாக. நெஞ்சு உயர்ந்தது. மேலும் உயர்ந்தது. அவன் கண் திறந்திருந்தது.

வண்டி வந்தபோது இரண்டு பேருமே பிணம். அய்யம்மாள் போன பிறகு அந்த அறைக்குள் வேறு யாருமே இருக்கவில்லை. நானும்கூட.