ஆறாவது ஆள்

பெட்டியைத் தூக்கியதும் அது ரோரியின் பக்கம் சாய்ந்தது.

மற்ற ஐந்து பேரும் ஒரே உயரத்தில்தான் பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துத் தரையில் மேடு பள்ளம் எதுவும் இல்லை. ஆனாலும் உள்ளே கனமான ஏதோ ஒன்று மெல்லப் புரண்டு, அவன் பிடித்திருந்த கால்மாட்டு மூலைக்கு வந்து, அங்கேயே நின்றுகொண்டது. வெள்ளைக் கையுறைக்குள் அவன் விரல்கள் இறுகின. நியூசிலாந்தில் அப்பாவின் பண்ணையில் செத்த ஆடுகளைத் தூக்கிப் பழகியவன் அவன். செத்தது கனக்கும், ஆனால் தானாக இடம் மாறாது. அதிலும் இந்த ஊரில் பிணத்தைச் சணல் துணியில் சுற்றி, ஏழு இடத்தில் முடிச்சுப் போட்டு, சந்துபொந்தெல்லாம் பழைய உடுப்புகளைத் திணித்துத்தான் மூடுவார்கள். புரளுவதற்கு இடமே கிடையாது.

"பார்த்து சார், பார்த்து" என்றார் முன்னால் போன குவாக்.

குவாக் அவனுடைய முதலாளி. வோன்ஜூ நகரில் ஆங்கில டியூஷன் சென்டர் வைத்திருந்தார். ரோரி அங்கே இரண்டு வருடமாகக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறான். பெட்டியில் இருந்தது குவாக்கின் அப்பா. துக்கத்துக்குச் சொந்தக்காரர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். பெட்டி தூக்கத் திராணியுள்ள ஆண்கள் அதில் எட்டுப் பேராவது தேறுவார்கள், ஆனால் எட்டுப் பேருக்கும் அன்று பார்த்து முதுகுவலி. ஐந்து பேரைச் சடங்குக் கம்பெனி அனுப்பியிருந்தது. ஆறாவது ஆளாக வரும்படி முந்தின நாள் குவாக்தான் அவனைக் கேட்டார். "தெரிஞ்ச கை ஒண்ணாவது வேணும் சார். நீங்க எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி." ரோரிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடத்தில் அந்த ஊரில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை.

விடிந்ததும் பஸ் தெற்கே கிளம்பியது. பெட்டி பின்சீட்டுக்கு நேர் கீழே, சாமான் வைக்கும் அறையில் இருந்தது. பின்சீட்டில் ரோரி. ஜன்னல்களை மூடி ஹீட்டரை ஓட விட்டிருந்ததால், மூன்று நாள் ஊதுபத்திப் புகையும், மாட்டிறைச்சி சூப்பின் காரநெடியும், இரவெல்லாம் குடித்த சோஜுவின் வாடையும் எல்லோருடைய கறுப்புத் துணியிலிருந்தும் ஒன்றாகக் கிளம்பி, அவன் தொண்டையில் படிந்தன. வெளியே வெறுமையான வயல்கள், பனி ஒட்டிய வரப்புகள், சுரங்கப்பாதை, மறுபடியும் வயல்கள். தலை சரிந்து கண் செருகும் நேரத்தில் அவன் காலுக்கடியில் சத்தம் கேட்டது.

இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று.

கண்ணைத் திறந்தான். முன்சீட்டில் வறுத்த கடலை மென்றுகொண்டிருந்த குவாக்கின் சித்தப்பாவின் தாடை நின்றிருந்தது. குவாக்கின் அம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, எதிர்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் முழுக்க அப்படித்தான். மறுபடியும் இரண்டு. ஒன்று. சித்தப்பா டிரைவரிடம் ஹீட்டரைக் கூட்டி வைக்கச் சொன்னார். காற்றாடி இரைந்தது. தாடை மறுபடியும் அசைந்தது.

நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பஸ் பதினைந்து நிமிடம் நின்றது. எல்லோரும் கழிப்பறைக்கும் கடைக்கும் போனார்கள். ரோரி பஸ்ஸின் பக்கவாட்டில் நின்று, கையுறையைக் கழற்றிவிட்டு, சாமான் அறையின் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்தான். குளிர் சுட்டது. பிறகு தட்டு வந்தது, நேராக அவன் உள்ளங்கைக்குள்.

"என்ன சார், பஸ்ஸுக்கு நாடி பார்க்கறீங்களா?" வால்நட் உருண்டைப் பொட்டலத்தோடு ஏரான் வந்தாள். குவாக்கின் அக்கா மகள், சென்டரில் அவனோடு வேலை பார்க்கிற டீச்சர். "இந்தாங்க, சூடா இருக்கு. ராத்திரி சூப்பையும் அப்படியே வச்சுட்டீங்க. செத்தவர் வீட்டுச் சாப்பாட்டை மிச்சம் வச்சா அவர் தேடி வருவாரு, தெரியுமா?"

"உள்ளே யாரோ தட்டறாங்க."

"ஸ்பேர் டயரா இருக்கும்."

"டயர் ரெண்டு தட்டு தட்டிட்டு, நிறுத்திட்டு, இன்னொண்ணு தட்டாது டீச்சர்."

ஏரான் வாயில் போட்ட உருண்டையை மெல்லவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"அது தண்ணி" என்றாள்.

"என்னது?"

"ரெண்டும் ஒண்ணும்னா தண்ணி வேணும்னு அர்த்தம். தாத்தாவுக்கு மூணு வருஷமாப் பேச்சில்ல, படுத்த படுக்கை. முதுகு சொறியற மூங்கில் குச்சியால தரையைத் தட்டுவாரு. யாராவது கொண்டுபோனா, தம்ளரை வாங்க மாட்டாரு. கையைத்தான் பிடிப்பாரு. மாமாவோட விரல் ரெண்டும் கோணலா இருக்கே, சின்ன வயசுல விழுந்ததுன்னு நினைச்சீங்களா? போன வருஷம் சார்."

"அப்ப உயிரோட இருக்காரு! திறக்கச் சொல்லுங்க!"

"மூணு நாள் ஃப்ரீசர்ல வச்சிருந்தோம் சார்." அவள் குரல் ரகசியம் போல இறங்கியது. "குழிக்கிட்ட எப்படியும் திறப்பாங்க. எங்க பக்கம் பெட்டியோட புதைக்கிற வழக்கமில்ல. அதுவரைக்கும் வாயை மூடிட்டு இருங்க."

அவனால் இருக்க முடியவில்லை. போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினான். பின்னாலிருந்து கோணல் விரல்கள் இரண்டு வந்து போனை மெதுவாக உருவின. "துக்கத்துல போன் வேண்டாம் சார்" என்ற குவாக், அதைத் தன் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். இன்னொரு கையை ரோரியின் பிடரியில் வைத்தார். பார்க்கிறவர்களுக்கு அது பிரியம் போலத்தான் தெரிந்திருக்கும். கட்டைவிரல் நரம்பில் அழுந்தி, அவன் கண்ணில் நீர் வரும் வரைக்கும் எடுபடவில்லை. "குளிருது. ஏறுங்க."

மீதி ஒன்றரை மணி நேரமும் ரோரி ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திறப்பார்கள். திறந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குள் மூச்சு நின்றுவிடக் கூடாது. தட்டு வருகிற ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பயமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

மலைச்சரிவில் ஜேசிபி ஏற்கெனவே குழியைத் தோண்டிவிட்டு ஓரமாக நின்றது. சிவப்பு மண், அதன் மேல் கொட்டிய சுண்ணாம்பு, பைன் மரங்களின் பிசின் வாசனை. மேளக்காரர் கைகளை ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தார். கம்பெனி ஆட்கள் ஐந்து பேரும் பெட்டியை இறக்கி வைத்தார்கள், கையுறைகளைக் கழற்றி அங்கேயே போட்டார்கள், யாரும் சொல்லாமலே சரிவில் இறங்கி நடந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சொந்தக்காரர்களே மூடியை நெம்பினார்கள்.

உள்ளே மஞ்சள் சணல் துணியில் சுற்றிய உருவம் அசையாமல் கிடந்தது. தலைமுதல் கால்வரை ஏழு முடிச்சு. கைகளுக்கு நேரே இருந்த நாலாவது முடிச்சு அவிழ்ந்திருந்தது.

குவாக் மண்டியிட்டார். முடிச்சை மறுபடியும் இறுக்க, அவிழ்ந்த துணியின் இரு முனைகளையும் கையில் சுற்றிக்கொண்டார். ஒரு காலைப் பிணத்தின் நெஞ்சில் ஊன்றி இழுத்தார். உள்ளே ஏதோ முறிந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கும் சத்தம். அவர் மறுபடியும் இழுத்தார், அது மறுபடியும் முறிந்தது. முகத்தில் கோபம் இல்லை, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறவரின் கவனம்தான் இருந்தது. அவருடைய அம்மா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

துணிப்பட்டைகளைப் பிடித்துக் குழிக்குள் இறக்கினார்கள். கால்மாட்டில் ரோரி. உருவம் தரையைத் தொட்டது. அப்போதுதான் அவன் பார்த்தான். முகத்துக்கு மேலிருந்த துணி உள்ளே குழிந்தது. பிறகு உப்பியது. பிறகு குழிந்தது.

"மூச்சு விடறாரு!" என்று கத்தினான். "அங்க பாருங்க! மூச்சு விடறாரு!"

முப்பது பேர். பைன் மரத்திலிருந்து பனி உதிர்ந்தது.

"தெரியும் தம்பி" என்றாள் குவாக்கின் அம்மா. "ஒதுங்கிக்கோ. குறிச்ச நேரம் போயிடும்."

ரோரி குதித்தான்.

அவனைத் தடுக்க யாருமே கை நீட்டவில்லை. அது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது. மண்டியிட்டு, பல்லால் முடிச்சைக் கடித்து, முகத்துத் துணியைக் கிழித்தான். கண்கள் திறந்திருந்தன. விழியோரத்தில் இன்னும் கரையாத ஐஸ் பொடி. "இருங்க ஐயா, இருங்க, தூக்கிடறேன்" என்று உளறியபடி கைகளின் கட்டை அவிழ்த்தான். முறிந்த கை, முழங்கைக்குக் கீழே இரண்டாக மடிந்து தொங்கிய கை, துணியிலிருந்து வெளியே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

பிடி இறுகியது. எலும்பு எலும்போடு அரைபட்டது. அவன் அலறினான். கிழவரின் முகம் அவனைப் பார்த்தது. அதில் கெஞ்சல் இல்லை. நன்றி இல்லை. தண்ணீர்த் தாகம்கூட இல்லை. கிடைத்தது என்கிற திருப்தி மட்டும்.

"விடுங்க! விடச் சொல்லுங்க! சார்!"

மேலிருந்து ஒரு மண்வெட்டி இறங்கியது. குவாக் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க பிரிச்சா விடமாட்டாரு சார், பிடிபட்டவங்களேதான் வெட்டணும்" என்றார். அவருக்கு அழுகை வந்தது. "மூணு வருஷமாப் பார்த்தாச்சு."

ரோரி வாங்கினான். இடது கையால் ஓங்கினான். முதல் வெட்டு துணியில் விழுந்தது. இரண்டாவது முழங்கையில். ரத்தம் வரவில்லை. மூன்றாவது. பிடி இன்னும் இறுகியது. நாலாவதை முகத்தில் போட்டான். அப்புறம் எண்ணவில்லை. முகமும் துணியும் மண்ணும் ஒன்றாகும் வரை போட்டான். காப்பாற்ற வந்தவன் என்பது அவனுக்கு மறந்தே போயிற்று. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. நாலு விரல். ஐந்தாவது கடைசியாக, அவசரமில்லாமல்.

யாரோ அவனை மேலே இழுத்தார்கள். மூத்த மகன் என்ற முறையில் குவாக் முதல் மூன்று பிடி மண்ணைப் போட்டார். ஜேசிபி மீதியைத் தள்ளியது. சுண்ணாம்பு கொட்டினார்கள். மேளம் ஆரம்பித்தது, எல்லோரும் குழிமேல் ஏறி வட்டமாக நின்று, மூங்கில் கழியை ஊன்றி, மேளக்காரரின் பாட்டுக்கு ஏ-ஹே என்று பதில் கொடுத்து மிதித்தார்கள். ரோரியும் மிதித்தான். மற்றவர்களைவிட ஓங்கி மிதித்தான். சீக்கிரம் இறுகட்டும். கல்லாகட்டும். கையில் ஐந்து நீலத் தடம் வீங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு. ஒன்று.

அவன் பாதத்தில்தான் பட்டது. பக்கத்தில் நின்ற ஏரானைப் பார்த்தான். அவளுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. இடதுபக்கம் ஓரடி நகர்ந்தான். அங்கேயும் பட்டது, நேர் கீழே. வட்டத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான். கூடவே வந்தது.

குவாக்கின் அம்மா மிதிப்பதை நிறுத்தினாள். குனிந்து, தரையில் காதை வைத்தாள். தன் காலடியில் கேட்டாள். மகனின் காலடியில் கேட்டாள். பிறகு ரோரியின் காலருகே வந்து குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மேட்டிலிருந்து இறங்கினாள். சித்தப்பா இறங்கினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினார்கள். மேளம் நின்றது. குவாக் அவன் முன்னால் வந்து இடுப்பு வளையக் கும்பிட்டார், வெகுநேரம் நிமிரவில்லை.

"டீச்சர்!" என்றான் ரோரி.

"நிறுத்திடாதீங்க சார்" என்றாள் ஏரான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து இறங்கினாள். "தயவுசெய்து நிறுத்திடாதீங்க."

அவன் மிதித்தான். கீழே சரிவில் சூப் சூடாகும் வாசனை வந்தது. பாத்திரங்கள் சத்தம். மூன்று நாளில் முதல்முறையாக யாரோ சிரித்தார்கள், அப்புறம் பலர் சிரித்தார்கள். அவன் மிதித்தான். கீழிருந்து பதில் வந்தது. மிதித்தான். பதில். மூச்சு வாங்க ஒரே ஒரு நொடி நின்றான்.

வலது பாதத்தின் அடியில் மண் மெல்ல உயர்ந்து, அவன் காலையும் சேர்த்துத் தூக்கியது.