ஓயாமல் ஓடிய உலர்த்தி

காலை பத்து மணி. எகிப்தின் டமியெட்டாவில் ஹாஜ் மெத்வல்லியின் மரச்சாமான் பட்டறை. கல்யாணப் பெண்ணுக்குப் போகவேண்டிய கட்டிலும் அலமாரியும் அம்மை போட்டதுபோல் கொப்புளம் கொப்புளமாகக் கிடந்தன.

"வார்னிஷ்ல வேணும்னே தண்ணி கலந்துட்டான், மேடம். போலீஸ் வந்துட்டிருக்கு," என்று ஹாஜ் வார்னிஷ் அடிக்கும் பயூமியைக் கைகாட்டினார்.

"என் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல! வார்னிஷ் அடிக்கிற காத்துக் குழாயிலேயே தண்ணி வருது," என்றான் பயூமி.

இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய இன்ஷிராஹ் கொட்டாவி விட்டாள். ஆண்கள் கத்தினால் அவளுக்குத் தூக்கம் வரும்.

என்ஜினியர் ஷாஹிர் சிரித்தார். "காத்தைக் குளிரவச்சு ஈரத்தைப் பிழியத்தானே உலர்த்தி இருக்கு? போன மாசம் நானே திறந்து சுத்தம் பண்ணேன். சாவி என்கிட்ட மட்டும்தான். அன்னிலேர்ந்து ஒரு நிமிஷம் நிக்காம உழைக்குது. கேளுங்க!"

சுவருக்கு அப்பால் ஒரே இரைச்சல்.

"முன்னாடி நடுநடுவே அடங்கும்," பயூமி முனகினான். "ரேடியோவாவது காதுல விழும். இப்ப அதுவும் போச்சு."

"ரேடியோ கேக்கவா சம்பளம்?" என்றார் ஷாஹிர்.

அவர் மேஜைக்கடியில் 'தின்னர்' என்று எழுதிய கேன் ஒன்று இருந்தது. இன்ஷிராஹ் காலி டீ கிளாஸில் கொஞ்சம் ஊற்றி மோந்து பார்த்தாள். தின்னர் நெடியே இல்லை. கிளாஸைப் பட்டறை ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்தாள்.

"ஹாஜ், இன்னொரு டீ சொல்லுங்க. சர்க்கரை தாராளமா இருக்கட்டும்."

டீயை நிதானமாகக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்ஜினியர் துரை, அந்த மெஷினை எதுக்கு வாங்கினாங்க தெரியுமா? ஓய்வெடுக்க! வெளிய இருந்தா எண்ணெய் மாதிரி ஓடற ஒரு மெழுகு அதுக்குள்ள இருக்கு. அதை உறையவச்சிட்டு மோட்டார் நின்னுடும். மெழுகு உருகுற வரைக்கும் அதுவே காத்தைக் குளிரவைக்கும். கரண்டு மிச்சம். மோட்டார் நிக்கவே இல்லன்னா, உள்ள உறைய ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். காத்து குளிரல, ஈரம் அப்படியே கட்டில்ல இறங்கிடுச்சு."

கிளாஸை எடுத்து அவர் மேஜைமேல் கவிழ்த்தாள். வெள்ளை மெழுகாக உறைந்திருந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

"தின்னர் உறையுமா?"

"கொஞ்சம்தான் எடுத்தேன்... விக்கலாம்னு..." என்றார் ஷாஹிர்.

"தூ! திருடின பொருள் என்ன வேலை செய்யுதுன்னுகூடத் தெரியாம ஒரு திருடன்! அதுல, அது ஓயலன்னு பெருமை வேற!" என்றாள் இன்ஷிராஹ்.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஷிராஹ் போய் உலர்த்தியின் சுவிட்சை இறக்கினாள். இரைச்சல் அடங்கியது. பட்டறை மூலையில் ரேடியோவில் யாரோ காதல் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள்.

பயூமி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தான்.

"இப்ப கேக்குதா, ஹாஜ்?"