இஞ்சாருங்கோ

முன்னால் போய்க்கொண்டிருந்த கணவரைத்தான் ஜெகதீஸ்வரி கூப்பிட்டாள். பதில் பின்னாலிருந்து வந்தது.

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் நில்லுங்கோ.”

“ஓம்.”

திரும்பிப் பார்த்தாள். ஏறி வந்த பாதை நிலா வெளிச்சத்தில் வெறிச்சோடிக் கிடந்தது. வரிசையில் கடைசி ஆள் அவள்தான். முன்னால் கணவர் சிவானந்தன் தொப்பியும் கைத்தடியுமாக, எதுவும் காதில் விழாதவராக ஏறிக்கொண்டிருந்தார். மலை எதிரொலிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் எதிரொலி என்றால் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆமென்று பதில் சொல்வதுபோல அவள் ‘ஓம்’ என்று சொல்லவில்லையே.

வயது போனால் காது இப்படித்தான் என்று தன்னையே ஏசிக்கொண்டு நடந்தாள். எல்லாம் மகள் ஹம்சிகாவின் வேலை. பேரப்பிள்ளையைப் பார்க்க வெள்ளவத்தையிலிருந்து சார்ஜாவுக்கு வந்தவர்களைப் பேசாமல் இருக்க விடாமல், பௌர்ணமி இரவில் பாலைவன மலை ஏறும் கூட்டமொன்றில் சேர்த்துவிட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கொழும்பில் என்றால் பௌர்ணமிக்கு விடும் போயா லீவுக்குக் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்திருக்கலாம். தினமும் கடற்கரையோரம் நடக்கிற மனுஷனுக்கோ மலை என்றதும் வயது பாதியாகக் குறைந்துவிட்டது.

வழிகாட்டி கிளைவ், கொழும்புக் கொட்டாஞ்சேனைப் பையன். அதைக் கேட்டதுமே சிவானந்தன் அவனைச் சொந்தக்காரன் ஆக்கிவிட்டார். அடிவாரத்தில் எல்லோருடைய டோர்ச்சையும் அணைக்கச் சொன்ன கிளைவ், கூட வந்த வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு விதி சொன்னான். பிறகு இவர்களிடம் வந்து தமிழிலும் சொன்னான்.

“ஆளைக் கூப்பிடுறதெண்டா பேர் சொல்லிக் கூப்பிடுங்க ஆன்டி. பேர் இல்லாமச் சும்மா கூப்பிட வேணாம்.”

“ஏன் தம்பி?”

“இந்த மலையில சத்தம் சுத்திச் சுத்தி வரும். ஆர் ஆரைக் கூப்பிட்டதெண்டு தெரியாமப் போயிரும்.”

“இவ என்ரை பேரைச் சொல்லவோ? நல்லாச் சொன்னீர்,” என்று சிவானந்தன் சிரித்தார்.

பகிடி என்றாலும் உண்மை அதுதான். கலியாணமான நாளிலிருந்து அவர் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. கிளினிக்கில் கணவர் பெயர் கேட்டால்கூட மகளைத் திரும்பிப் பார்ப்பாள். ‘இஞ்சாருங்கோ’ என்றால் அவர் வருவார். அதைக் கேட்டு வேறு யாரும் வரக்கூடும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பாதை ஒரு பிளவுக்குள் நுழைந்தது. இருபுறமும் பாறை எழும்பி நிலாவை மறைத்தது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கற்கள் இப்போது மெல்ல வெளியே விட, காய்ந்த சட்டியின் மணமும் ஆட்டுப்புழுக்கை மணமும், அவற்றுக்கு அடியில் வருஷக்கணக்காய்ப் பூட்டிக்கிடந்த அறையின் மணமும் கலந்து முகத்தில் அடித்தன. இந்த மலைக்கு மனிதர் வாடை பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கையூன்றிய இடமெல்லாம் கல் கிழித்தது. சேலைக்குப் பதிலாக அவள் போட்டுவந்த மகளின் காற்சட்டையை முட்செடி பற்றி இழுத்தது.

சிவானந்தன் நின்றார். “நீர் மெல்ல நடவும். நான் உந்தக் கல்லுக்குப் பின்னாலை ஒருக்காப் போட்டு வாறன்.”

இந்த வயதில் அவருக்கு அது அடிக்கடி வரும். அவள் நடந்தாள். முன்னால் போனவர்களின் சப்பாத்துச் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமற்போனது. பின்னால் சரளைக்கல் நெரிந்தது. அவள் நின்றால் அது இன்னும் ஓர் அடி வைத்துவிட்டுத்தான் நின்றது. அவர்தான் என்றால் வாயைத் திறந்து ஏதாவது கதைக்க மாட்டாரா?

“இஞ்சாருங்கோ?”

“ஓம்.”

பக்கத்திலேயே. இருட்டில் ஒரு கை அவள் கையைப் பிடித்தது. அப்பாடா என்றிருந்தது.

“எவ்வளவு நேரம்? பயந்தே போனன். பிரஷர் குளிசை போட்டனீங்களோ?”

“ஓம்.”

“கால் நோகுதோ?”

“ஓம்.”

கை உலர்ந்திருந்தது. பாறையைப் போலவே சூடாக இருந்தது. நாலு பேர் நடமாடும் இடத்தில் அவர் ஒருநாளும் அவள் கையைப் பிடித்ததில்லை. இந்த நினைப்பு வந்த பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் பார்க்கவும் இல்லை. நடந்தாள்.

பிளவு முடிந்து நிலா வந்தது. சற்று மேலே கிளைவும் மற்றவர்களும் நிற்பது தெரிந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து, பிளவின் அடியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“ஜெகதீ! ஏன் விட்டிட்டுப் போறீர்? நில்லும்!”

அவர் குரல். மூச்சு வாங்கும் குரல்.

பிடித்திருந்த கை இறுகியது.

பார்க்காதே. கையை இழு. வரவில்லை. அவர் அங்கே கீழே. தனியாக. கிளைவ் என்ன சொன்னான்? பேர் சொல்லி. அந்தப் பெயருக்கு உரியவர் அவர் ஒருவர்தான். சொன்னால் அவர்தான் வருவார். இது போய்விடும். வாழ்நாளிலேயே முதல் தடவையாக அவள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

“சிவானந்தன்!”

மலை அதை வாங்கிச் சுற்றியது. ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்கு. இன்னொன்றுக்கு. கீழே “ஜெக—” என்று தொடங்கிய குரல் பாதியில் நின்றது.

“ஓம், ஜெகதீ,” என்றது பக்கத்தில்.

இப்போது அது முழுக்க அவர் குரல்.

கிளைவ் ஓடி வந்தான். “என்ன ஆன்டி, ஏன் கத்தினீங்க? அங்கிள் பக்கத்தில தானே நிக்கிறார்.”

“சும்மா பயந்திட்டா, தம்பி. நீர் நடவும்,” என்றது அது, அவர் குரலில்.

கிளைவ் தலையாட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும் பாதைக்குத் திரும்பினான். அவள் பிளவைப் பார்த்தாள். நிலா அதன் வாய்க்கு நேரே வந்திருந்தது. கீழே, தொப்பி விழுந்த வழுக்கைத் தலையுடன், பாறையைப் பற்றித் தவழ்ந்து ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். வாயை அகலத் திறந்து திறந்து கத்தினார். சத்தம் வரவில்லை.

கிளைவுக்குக் காட்டக் கையைத் தூக்கப் பார்த்தாள். பிடித்த கை விடவில்லை. கிளைவ் என்று கத்தினால் அவன் குரலும் இதற்குப் போய்விடுமோ என்று பயந்தாள். அவரையாவது கூப்பிட வேண்டும். எதைச் சொல்லி? இஞ்சாருங்கோ என்றாலும் இதுதான் ஓம் என்னும். பெயரைச் சொன்னாலும் இதுதான். வேறு சொல் அவளிடம் இருக்கவில்லை.

“வாரும். பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள்,” என்று கை அவளை மெல்ல இழுத்தது.

கீழே அவர் ஏறுவதை நிறுத்திவிட்டார். பாதையோரக் கல்லில் குந்திக்கொண்டு, யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருப்பவரைப் போல மேலே பார்த்தபடி இருந்தார்.