நாலு மணிக் கரியடுப்பு

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும் சார். ஏசியில இருந்த கேஸை நூகு உருவிட்டான்னு. மிச்சத்தைப் போலீஸ் பாத்துக்கும்."

வங்கி அதிகாரி சுவாமிநாதன் உட்காரக்கூட இல்லை. கையில் இருந்த புகார் மனுவைத் தங்கையன் முன்னால் நீட்டியபடி நின்றார். முகத்தில் இரண்டு நாள் தாடி.

தங்கையன் மின்துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது காரைக்காலில் எந்த வீட்டில் எப்படி மின்சாரம் திருடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதில் பெயர் வாங்கியவர். இப்போது காணாமல் போன சங்கிலி, மொட்டைக் கடிதம் என்று மின்சாரத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களும் அவரிடம் வந்தன. அவருடைய மனைவி செல்லத்துக்கு அதில் அவரைவிட ஆர்வம் அதிகம்.

"முதல்ல உக்காருங்க. என்ன நடந்துச்சு?" என்றார் தங்கையன்.

சுவாமிநாதன் சொன்னார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. வேர்க்குரு வந்து உடம்பெல்லாம் சிவந்துவிட்டது. பிரான்சில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்ப, சித்திரை மாசம் ஏசி வாங்கினார்கள். மாட்டியவன் திருமலைராயன்பட்டினத்து நூகு. ஆனி மாசம் காற்று வருவது குறைந்தது. அதே வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

"ஆள் அனுப்பினேன். வரல. அஞ்சாம் நாள் பிள்ளை போயிட்டான். எல்லாம் முடிஞ்சப்புறம் ஆடியில வந்தான். பில்டரைக் கழுவினேன், இனிமே நல்லா ஓடும்னான். மூணு வாரம்தான் ஓடுச்சு. இப்ப மறுபடியும் அதே கதை. அவன் துபாய் போறான் சார். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை அடுத்த வாரம். அதுக்குள்ள இந்த மனு போயிடணும்." சுவாமிநாதன் மனுவை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "அந்த மெஷின் சரியா ஓடியிருந்தா எம் பிள்ளை இருந்திருப்பான்."

செல்லம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்த அறையில இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டார் தங்கையன்.

"என் மனைவி நீலாயதாட்சி. பகல் பூரா அங்கேயே கிடக்கிறா. நான் ஹால்ல படுத்துக்கிறேன். சாயங்காலம் நான் வரும்போது சாமிக்குச் சாம்பிராணி போட்டிருப்பா, வீடு பூரா அந்த வாசனை இருக்கும். அது ஒண்ணுதான் அவ இன்னும் விடாத வேலை."

மனுவைத் தொடாமலே தங்கையன் எழுந்தார். "பாத்துட்டு எழுதறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குத் திருநள்ளாறு சாலையில் இருந்த வீட்டுக்குத் தங்கையனும் செல்லமும் போனார்கள். சுவாமிநாதன் வங்கிக்குப் போயிருந்தார். சமையல் செய்யும் அமுதம் கதவைத் திறந்தாள்.

"வோல்டேஜ்தான் கம்மியா இருக்கும். இல்லாட்டி பின்பக்கம் வெயில் அடிக்கும்," என்றாள் செல்லம்.

"ஸ்டெபிலைசர் சரியா இருக்கு. பின்பக்கம் வேப்பமர நிழல். வேற சொல்லு."

"அப்ப அந்த நூகுதான். மூஞ்சியைப் பாத்தா திருடன் மாதிரியே இருப்பான்."

"நீ அவனைப் பாத்ததே இல்லையே."

"பாத்தா அப்படித்தான் இருப்பான்."

நீலாயதாட்சி அறையின் மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். எண்ணெய் காணாத தலைமுடி சடை பிடித்திருந்தது. "பாருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனாள். போகும்போது அவள் புடவையின் கீழ்க்கரையில் விளிம்பு கருகிய கடுகளவு ஓட்டைகள் நாலைந்து இருப்பதைத் தங்கையன் பார்த்தார்.

ஏசியின் முன்மூடியைக் கழற்றினார். உள்ளே குளிர்க்குழாய்களின் மேல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை வெள்ளையாக ஐஸ் மூடியிருந்தது. பில்டர் வலையில் பழுப்பு நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று அப்பியிருந்தது. அதை நகத்தால் கொஞ்சம் சுரண்டி, தீக்குச்சி நுனியில் வைத்துப் பற்றவைத்தார். மெல்லிய புகை எழுந்தது.

செல்லம் முகர்ந்து பார்த்தாள். "என்னங்க, இது..."

அவர் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அடுப்படிக்குப் போகிற வழியில் சாமி அலமாரியைத் திறந்து பார்த்தார். விளக்குத் திரி காய்ந்து கிடந்தது. குங்குமச் சிமிழின் மேல் தூசு.

அடுப்படியில் கேஸ் அடுப்பு. பக்கத்தில் ஒரு கோணியில் மரக்கரி.

"கரி எதுக்கும்மா?" என்று அமுதத்திடம் கேட்டார்.

அமுதம் தயங்கினாள். "நாலு மணிக்கு அம்மா கரியடுப்பை மூட்டச் சொல்லும். தலை குளிக்க வெந்நீருக்குன்னு சொல்லும்."

"குளிக்கிறாங்களா?"

"எனக்கு என்னங்க தெரியும்? நெருப்பைத் தானே எடுத்துட்டுப் போயிடும். கதவைத் தாழ் போட்டுக்கும். வெந்நீர் அண்டா நனையறதே இல்ல."

தெருவில் இறங்கியதும் செல்லம் அவர் கையைப் பிடித்தாள். "எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. அந்தப் பையன் தப்பு பண்ணல. உடனே போய்ச் சொல்லிடலாம்."

"சொன்னா நூகு தப்பிப்பான்," என்றார் தங்கையன். "ஆனா ஆனி மாசமும் மெஷின் அதே மாதிரிதான் நின்னுச்சு. அதை அந்தப் பொண்ணு யோசிச்சுப் பாத்தா என்ன ஆகும்?"

செல்லம் அவர் கையை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமிநாதன் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். நூகு சுவர் ஓரமாக நின்றான். இருபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு. நீலாயதாட்சி இருந்த அறையின் கதவு ஒருக்களித்து இருந்தது.

"ஆனியில கூப்பிட்டப்ப ஏம்பா வரல?" என்று தங்கையன் ஆரம்பித்தார்.

"மெட்ராஸ்ல இருந்தேங்க. துபாய் வேலைக்கு நேர்காணல். வந்ததும் உம்மா சொன்னாங்க, பிள்ளை மவுத்தாயிடுச்சுன்னு. சாருகிட்ட வர எனக்குத் தைரியம் இல்ல." நூகு தலையைக் குனிந்துகொண்டான்.

"கதை விடறான்," என்றார் சுவாமிநாதன்.

"இருங்க. கேஸ் குறைஞ்ச மெஷின்ல ஐஸ் ஒரு மூலையில மட்டும்தான் பிடிக்கும். இங்க குழாய் முழுக்க மூடியிருக்கு. அப்ப கேஸ் இருக்கு, கம்ப்ரசரும் நல்லா இருக்கு. அறைக் காத்து உள்ள போகத்தான் வழி இல்ல. குளிர்ச்சி வெளிய வர முடியாம உள்ளயே ஐஸாகுது. வழியை அடைச்சது பில்டர்."

"அதைத்தான் கழுவினேன்னானே!"

"கழுவினான். அதனாலதான் மூணு வாரம் ஓடுச்சு. கேஸை உருவியிருந்தா ஒரு நாள்கூட ஓடியிருக்காது. அவன் கழுவினப்புறம் புதுசா ஏதோ வந்து படிஞ்சிருக்கு. தூசு மட்டும்னா உதிரும். இது ஒட்டுது. மூடின அறைக்குள்ள தினமும் புகை போட்டா, அதுல இருக்கிற பிசின் வலையில பூசிக்கும். அது மேல தூசு ஒட்டும்." தங்கையன் நிறுத்தினார். "நூகு மேல தப்பு இல்ல. நான் எழுதித் தரக்கூடியது அவ்வளவுதான்."

"யாரு புகை போடறது?"

சுவாமிநாதன் சட்டென்று திரும்பினார். "அமுதம்! நீயா? சாமிக்குப் போடறதை அந்த அறைக்கு எதுக்குடி கொண்டு போனே?"

"ஐயா, சத்தியமா நான் இல்லைங்க..."

அறைக் கதவு முழுதாகத் திறந்தது.

"அவளைத் திட்டாதீங்க," என்றாள் நீலாயதாட்சி. "நான்தான். சாமிக்கு நான் விளக்கேத்தி ரெண்டு மாசமாச்சு. அவனை நாலு மணிக்குத்தானே குளிப்பாட்டுவேன். தலை துவட்டி, புகை காட்டித் தொட்டில்ல போடுவேன். அந்த நேரம் வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. தொட்டில் கட்டின இடத்துல கொஞ்சம் சாம்பிராணி போடுவேன். அந்த வாசனை வந்தா, இப்பதான் தூங்கினான் மாதிரி இருக்கும்."

அவள் தங்கையனைப் பார்த்தாள்.

"அப்ப ஆனி மாசம் மெஷினை அடைச்சதும் நான் போட்ட புகைதானே?"

செல்லம் கண்ணாலேயே 'இல்லைன்னு சொல்லுங்க' என்று கெஞ்சினாள்.

"ஆமாம்மா," என்றார் தங்கையன்.

நீலாயதாட்சி கணவன் பக்கம் திரும்பினாள். மெஷின் ஓடியிருந்தால் பிள்ளை இருந்திருப்பான் என்று இரண்டு மாசமாக அவர் சொல்லிச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்.

சுவாமிநாதன் அவள் பக்கம் ஓரடி வந்தார்.

"இல்ல நீலா. மெஷின்னால இல்ல. அது மூளைக்காய்ச்சல். எந்தக் குளிர் அறையில வச்சிருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டான்னு டாக்டர் அன்னிக்கே சொன்னார். என்கிட்டத்தான் சொன்னார். நான் உன்கிட்டச் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா எனக்குக் கோவப்பட ஆளில்லாம போயிடும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். செல்லம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சுவாமிநாதன் மனுவை நான்காகக் கிழித்தார். "விசாரணை என்னிக்கு?" என்று நூகுவிடம் கேட்டார்.

"வியாழக்கிழமை சார்."

"நானும் வரேன். உனக்கு நல்ல சாட்சி சொல்றேன். அதுக்கு முன்னால, அந்த பில்டரை எப்படிக் கழுவறதுன்னு எனக்குக் காட்டிட்டுப் போ."

இருவரும் பின்வாசல் குழாயடிக்குப் போனார்கள். "வெந்நீர்ல சோப்புத் தூள் கரைச்சு ஊற வைக்கணும் சார். வாரத்துக்கு ஒரு தடவை. அழுத்தித் தேச்சா வலை கிழிஞ்சிடும். ஈரத்தோட மாட்டாதீங்க," என்றான் நூகு. சுவாமிநாதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தார். பழுப்புத் தண்ணீர் அவர் விரல்களின் இடுக்கில் வழிந்தது.

கொஞ்ச நேரத்தில் நீலாயதாட்சி ஒரு செம்பு வெந்நீருடன் வந்து நின்றாள்.

"நாளைக்கும் சாம்பிராணி போடுவியா?" என்று அவர் நிமிராமலே கேட்டார்.

"தெரியல."

"போட்டா கதவைத் தாழ் போடாதே. பாங்க்ல சொல்லிட்டு நாலு மணிக்கு நானும் வந்துடறேன்."

அவள் குனிந்து, அவர் கையின் மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாள்.